பழைய பாவுக் கணக்கை விண்டோஸ் 11-இல் ஓட்டிய கதை

ஆடிப் பதினெட்டுக்கு ஒறம்பரையாக, அதாவது விருந்தாளியாக, போனவன் நான். பவானி கூடுதுறையில் முங்கிவிட்டு, காவிரிப் பாலம் தாண்டி குமாரபாளையத்தில் மாமா வீட்டுக்குப் போய், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு இருக்கும்போது மாமா மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "மாப்ளே, மில்லுல அந்தப் பொட்டி செத்துப் போச்சாட்ட இருக்குது, போறப்ப ஒரு எட்டு பாத்துட்டுப் போயிரு." பொட்டி என்றால் கம்ப்யூட்டர். ஒரு எட்டு என்றுதான் சொன்னார். மூன்று வாரம் ஆனது.

மாமாவுடையது சைசிங் மில். ஜவுளிக்காரர்கள் நூலைக் கோன்களாக மூட்டையில் கொண்டுவந்து போடுவார்கள், இவர்கள் அதை வார்ப்பிங் ஓட்டி (இழைகளை வரிசையாகச் சேர்த்து), கஞ்சி போட்டு, பீம் என்கிற உருளையில் சுற்றி பாவாக, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளாக, திருப்பித் தருவார்கள். இதில் வேலையை விடக் கணக்குதான் பெரிய பாடு. யார் எந்தக் கவுண்டில், அதாவது எந்த நூல் நம்பரில், எத்தனை மூட்டை போட்டார், அதில் எத்தனை கிலோ பாவுக்குப் போனது, கழிவு எவ்வளவு, மீதிக் கோன் எத்தனை என்று ஒவ்வொரு பார்ட்டிக்கும் தனித்தனியாக நிற்க வேண்டும். கிலோ கணக்கில் கால் கிலோ இடித்தாலும் போனில் சண்டை வரும்.

அந்தக் கணக்கைப் போடுவது 1997-இல் ஈரோட்டுக்காரர் ஒருவர் பாக்ஸ்புரோ என்கிற டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிக் கொடுத்த புரோகிராம். விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடுகிற பாக்ஸ்புரோ 2.6, நீலத் திரையில் மஞ்சள் எழுத்து. எழுதியவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று இப்போது யாருக்கும் தெரியாது, மூல நிரலும் யாரிடமும் இல்லை, கையில் இருப்பது ஓடுகிற கோப்பு மட்டும்தான். வரி பில் எல்லாம் டேலியில் தனியாகப் போகிறது, ஆனால் நூல் கணக்கு மட்டும் இன்றைக்கும் இதில்தான். "புதுசா ஒண்ணு எழுதிக்கலாமே மாமா" என்று நானும் கேட்டேன், எல்லோரும் கேட்கிற மாதிரி. நடுவில் ஒருவர் எழுதிக் கொடுத்தாராம், பார்ட்டிக்குப் பார்ட்டி கழிவுக் கணக்கு மாறும் என்பதே அவருக்குப் புரியவில்லையாம், ஆறு மாதம் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பழையதற்கே வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

செத்துப்போன பெட்டி 2006-இல் வாங்கியது, விண்டோஸ் எக்ஸ்பி. மூடியைத் திறந்தால் மதர்போர்டில் நாலைந்து கெப்பாசிட்டர்களின் தலை இட்லி மாதிரி உப்பி இருந்தது. அதைச் சரிபார்க்க உட்காரவே இல்லை. மில்லில் டேலி ஓட்டுவதற்காகப் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று ஏற்கெனவே இருந்தது, விண்டோஸ் 11. ஹார்ட் டிஸ்கில் இருப்பதை எடுத்து இதில் போட்டால் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முதலில் டிஸ்க். அகலமான நாடா வயர் குத்துகிற பழைய ஐடிஇ வகை, 40 ஜிபி. புதுப் பெட்டியில் அதற்கு இடமே கிடையாது. ஈரோடு போய் ஐடிஇ-யை யுஎஸ்பி-யாக மாற்றும் அடாப்டர் வாங்கி வந்தேன். இதை வாங்குகிறவர்கள் தனியாக மின்சாரம் கொடுக்கும் சின்ன அடாப்டரும் கூடவே வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இந்த 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பி-யில் வருவது 5 வோல்ட்தான். மாட்டினேன், டிஸ்க் சுற்றுகிறது, கம்ப்யூட்டரில் தெரியவில்லை. அரை மணி நேரம் வயரைக் கழற்றி மாட்டிய பிறகுதான் டிஸ்கின் பின்னால் இருக்கும் ஜம்பர் என்கிற குட்டிச் செருகி ஞாபகம் வந்தது. அது ஸ்லேவில், அதாவது இரண்டாவது டிஸ்க் என்ற நிலையில் இருந்தது. மாஸ்டருக்கு மாற்றியதும் வந்துவிட்டது. மொத்த டிஸ்கையும் இமேஜாக ஒரு பிரதி, கணக்கு போல்டரை மட்டும் தனியாக இன்னொரு பிரதி எடுத்தேன். 28 வருஷக் கணக்கு மொத்தமும் 70 எம்பிக்குள் அடங்கிவிட்டது. என் போனில் அத்தையின் காலை வணக்க வீடியோக்களே அதைவிட அதிகம் இருக்கும்.

புதுப் பெட்டியில் போல்டரைப் போட்டு டபுள் கிளிக் செய்தால், இந்த ஆப் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது என்று ஒரு நீலப் பட்டை வந்தது. வலது கிளிக் செய்து பழைய விண்டோஸ் மாதிரி ஓட்டு என்கிற கம்பாட்டிபிலிட்டி அமைப்பை வைத்துப் பார்த்தேன், எக்ஸ்பி, 95 எல்லாம். அதே பட்டைதான். இந்த இடத்தில் நிறையப் பேர் வீணாக நேரத்தைக் கரைப்பார்கள், அதனால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த அமைப்பு 32 பிட் புரோகிராம்களுக்குத்தான் உதவும். டாஸ் புரோகிராம் 16 பிட். 32 பிட் விண்டோஸுக்குள் என்டிவிடிஎம் என்று ஒரு பகுதி இருந்தது, அதுதான் இத்தனை நாள் எக்ஸ்பியில் டாஸ் புரோகிராமைத் தாங்கிக்கொண்டு இருந்தது. 386 சிப் காலத்திலிருந்து இன்டெல் வகை பிராசஸர்களில் இருக்கும் விர்ச்சுவல் 8086 என்கிற வசதியை நம்பித்தான் அது வேலை செய்தது. பிராசஸர் 64 பிட் நிலைக்குப் போய்விட்டால் அந்த வசதி எட்டாது. அதனால் 64 பிட் விண்டோஸில் என்டிவிடிஎம்மே கிடையாது, விண்டோஸ் 11 என்பதோ 64 பிட் மட்டும்தான். எந்த பட்டனைத் தட்டினாலும் வராது.

32 பிட் விண்டோஸ் 10 போட்டால் ஓடும், அதில் என்டிவிடிஎம்மைக் கூடுதல் வசதியாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவே முடிய இருந்த நேரத்தில், நல்லா ஓடுகிற புதுப் பெட்டியைப் பின்னுக்கு இழுக்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்தது விர்ச்சுவல்பாக்ஸ், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள். அதற்குள் எக்ஸ்பியை ஏற்றி, கணக்கைப் போட்டால் ஒரே மதியத்தில் ஓடிவிட்டது, நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மறுநாள் காலையில் கணக்கு அக்கா வந்தார். இருபது வருஷமாக அந்த மில்லில் கணக்கு எழுதுகிறவர், கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பார். அவருக்கு விண்டோஸுக்குள் விண்டோஸ் என்பது எரிச்சலாக இருந்தது. இரண்டு ஸ்டார்ட் பட்டன், இரண்டு கடிகாரம், எதை மூடுவது என்று தெரியாமல் வெளியே இருப்பதை ஷட்டவுன் செய்தால் உள்ளே இருப்பது பாதியில் சாகும். "ஏனுங் தம்பி, இதுக்குப் பேசாம நோட்டுலயே எழுதிப் போடலாமுங்க" என்றார். நியாயம்தான். கழற்றிவிட்டேன்.

அப்புறம்தான் டாஸ்பாக்ஸுக்கு வந்தேன், முதலிலேயே வந்திருக்க வேண்டும். இது பழைய டாஸ் விளையாட்டுகளை ஓட்டுவதற்காக எழுதப்பட்ட இலவச மென்பொருள். ஒரு பழைய கம்ப்யூட்டரையே, பிராசஸர் உட்பட, மென்பொருளாகவே நடித்துக் காட்டும். அதனால் பிராசஸரில் என்ன வசதி இருக்கிறது, இல்லை என்ற கவலை இதற்குக் கிடையாது. போல்டரை சி டிரைவாக மவுண்ட் செய்து புரோகிராமைக் கூப்பிட்டேன். ஒரு நொடி கறுப்புத் திரை. சுழியால் வகுக்கிறேன் என்று ஒரு பிழைச் செய்தி. வெளியே வந்துவிட்டது.

இது எனக்குப் பழைய சொந்தக்காரன் மாதிரி தெரிந்த பிழை. அந்தக் காலத்துப் புரோகிராம்கள் சில, ஆரம்பிக்கும்போது பிராசஸர் எவ்வளவு வேகம் என்று பார்க்க ஒரு சுற்றை ஓட்டி, அதற்கு ஆன நேரத்தால் வகுக்கும். எழுதினவர்கள் மனசில் இருந்தது 486, பென்டியம். இன்றைய வேகத்தில் அந்தச் சுற்று கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், ஆன நேரம் சுழி என்று வரும், சுழியால் வகுக்கப் போய் விழும். சரி, டாஸ்பாக்ஸ்தான் மெதுவான பிராசஸராக நடிக்கிறதே, அதில் ஏன் விழுகிறது? அதில் வேகத்தை வைக்க சைக்கிள்ஸ் என்று ஒரு அமைப்பு உண்டு. அதைத் தானியங்கியில் விட்டிருந்தேன். சாதாரண டாஸ் புரோகிராமுக்கு அது மெதுவாகத்தான் ஓடும், ஆனால் புரோகிராம் புரொடெக்டட் மோடு என்கிற, பெரிய மெமரியைப் பயன்படுத்தும் நிலைக்குள் நுழைந்த உடனே, ஓ இது பெரிய ஆள் போல என்று முழு வேகத்துக்குத் தாவிவிடும். பாக்ஸ்புரோ அந்த மோடுக்குள் போகிற ஆள். அமைப்புக் கோப்பில் சைக்கிள்ஸை நிலையாக 25000 என்று வைத்தேன், நீலத் திரை வந்துவிட்டது. மாமா பின்னால் நின்று, "அட, அதேதான் மாப்ளே" என்றார், ஏதோ காணாமல் போன மாட்டைப் பார்த்த மாதிரி.

25000 தினசரி வேலைக்குப் போதும். ஆனால் இன்டெக்ஸை, அதாவது டேட்டாவின் வரிசைப் பட்டியலை, புதுப்பிக்கும்போது 11 நிமிஷம் பிடித்தது, பழைய எக்ஸ்பியில் அரை நிமிஷ வேலை. இதற்கு ஒரு சின்னத் தந்திரம். வகுத்தல் பிழை வருவது ஆரம்பத்தில் மட்டும்தான், உள்ளே நுழைந்துவிட்டால் வேகத்தைக் கூட்டலாம். டாஸ்பாக்ஸில் கன்ட்ரோல் எஃப்12 அழுத்தினால் ஒவ்வொரு தடவைக்கும் பத்து சதவீதம் கூடும், கன்ட்ரோல் எஃப்11 குறைக்கும். இருபது தடவை தட்டினால் ஆறேழு மடங்காகிவிடும். இதை அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, வருஷக் கடைசியில் நானே வந்து தட்டிக்கொள்கிறேன்.

கன்ட்ரோல் சாவி என்றதும் அடுத்த வம்பு. ஓட ஆரம்பித்த இரண்டாவது நாள் காலை மில்லிலிருந்து போன். எழுதிக்கொண்டு இருக்கும்போதே திரை மொத்தமாக மறைந்து போகிறதாம். மூன்று தடவை ஆகிவிட்டதாம். "நான் ஒண்ணுமே பண்லீங் தம்பி, அதுவா போயிருதுங்க" என்று அக்கா சொல்லும்போது குரலே ஒரு மாதிரி இருந்தது. நான் வைரஸ் தடுப்பான் மேல், மெமரி மேல், கரண்ட் மேல் எல்லாம் சந்தேகப்பட்டு, கடைசியில் பக்கத்தில் நாற்காலி போட்டு அவர் விரலையே பார்த்துக்கொண்டு இருந்தேன். விவரம் எழுதுகிற கட்டத்தை மூட பாக்ஸ்புரோவில் கன்ட்ரோல் டபிள்யூ. அடுத்து வவுச்சரைச் சேமிக்க இந்தப் புரோகிராமில் எஃப்9. அவர் அடிக்கிற வேகத்தில் கன்ட்ரோலில் இருந்து விரல் எழும்புவதற்குள் எஃப்9 விழுந்துவிடுகிறது. எக்ஸ்பியில் அந்தச் சேர்க்கைக்கு எந்த அர்த்தமும் இல்லை, அதனால் இருபது வருஷமாக யாருக்கும் தெரியாது. டாஸ்பாக்ஸில் கன்ட்ரோல் எஃப்9 என்றால் கேள்வி கேட்காமல் அப்படியே மூடிவிடு என்று அர்த்தம்! விளையாட்டுக்காரர்களுக்கு அது வசதி, கணக்கு எழுதுகிறவருக்கு அது தலையில் கல். கன்ட்ரோல் எஃப்1 அடித்தால் சாவிகளை மாற்றும் திரை வரும், அதில் மூடுவதற்கான அந்தச் சாவியை நீக்கிச் சேமித்தேன். அக்காவிடம், உங்கள் மேல் தப்பே இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன்.

ஆனால் அந்த மூன்று தடவை மூடியதில் சேதம் ஆகியிருந்தது. இன்டெக்ஸ் கோப்பு டேட்டாவோடு பொருந்தவில்லை என்று புரோகிராம் புலம்ப ஆரம்பித்தது. பாக்ஸ்புரோவில் டேட்டா டிபிஎஃப் கோப்பில் இருக்கும், எதை எந்த வரிசையில் காட்டுவது என்கிற பட்டியல் மட்டும் தனியாக ஐடிஎக்ஸ் அல்லது சிடிஎக்ஸ் கோப்பில் இருக்கும். பட்டியல் கெட்டால் பயப்பட வேண்டாம், டேட்டா பத்திரமாக இருந்தால் பட்டியலை மறுபடி கட்டிக்கொள்ளலாம். எழுதிய புண்ணியவான் மெனுவிலேயே ரீஇன்டெக்ஸ் வைத்திருந்தார். அதற்கு முன் போல்டரை ஒரு பிரதி எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். இன்னொன்று, இந்த போல்டரை டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ வைக்காதீர்கள். புதுக் கம்ப்யூட்டர்களில் அவை கிளவுடுக்குத் தானாக நகல் ஏறுகிற இடங்களாக இருக்கலாம், புரோகிராம் திறந்து வைத்திருக்கிற கோப்பில் இன்னொருவன் கை வைத்தால் நல்லதில்லை. சி டிரைவின் அடியிலேயே எட்டு எழுத்துக்குள் ஒரு பெயர் வைத்துப் போட்டேன்.

இனி பிரிண்டர். மூன்று வாரத்தில் இரண்டு வாரம் இதற்குத்தான் போனது.

மில்லில் இருப்பது அகலமான டாட் மேட்ரிக்ஸ், 15-க்கு 12 அங்குலத் தொடர் காகிதம், ஓரத்தில் ஓட்டை வைத்தது. அடியில் கார்பன் வைத்து ஒரே அடியில் இரண்டு பிரதி எடுப்பார்கள், அதனால் லேசர் பிரிண்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரிண்டரில் இருப்பது பழைய அகலமான பேரலல் போர்ட். புதுப் பெட்டியில் அது கிடையாது. யுஎஸ்பி-க்கு மாற்றும் கேபிள் கிடைக்கிறது, ஆனால் அதை மாட்டினால் விண்டோஸில் பேரலல் போர்ட்டின் பழைய பெயரான எல்பிடி1 என்று வராது, யுஎஸ்பி001 என்று ஒரு போர்ட்தான் வரும். டாஸ் புரோகிராமுக்குத் தெரிந்தது எல்பிடி1 மட்டும். சாதாரண டாஸ்பாக்ஸில் பிரிண்டர் வசதியே கிடையாது, அதனால் அதன் கிளையான டாஸ்பாக்ஸ்-எக்ஸுக்கு மாறினேன். அதில் பேரலல் போர்ட்டுக்கு வருகிற பைட்டுகளை அப்படியே ஒரு கோப்பில் எழுதச் சொல்லலாம். கொஞ்ச நேரம் எதுவும் வராவிட்டால் பில் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு கோப்பை மூடும், அடுத்த பில்லுக்கு அடுத்த கோப்பு.

விண்டோஸ் பக்கம் பிரிண்டருக்கு, வெறும் எழுத்து மட்டும் அனுப்புகிற ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி என்ற டிரைவரைப் போட்டு, பிரிண்டரை நெட்வொர்க்கில் ஷேர் செய்தேன். ஒரே கம்ப்யூட்டர்தானே, எதற்கு ஷேர் என்று கேட்கலாம். ஷேர் செய்தால்தான் அதற்கு ஒரு பெயர் கிடைக்கும், அந்தப் பெயருக்கு காப்பி கட்டளையை பைனரி முறையில், அதாவது ஸ்லாஷ் பி சேர்த்து அனுப்பினால் கோப்பில் இருக்கும் பைட்டுகள் ஒன்றும் மாறாமல் பிரிண்டருக்குப் போகும். நோட்பேடில் திறந்து பிரிண்ட் கொடுத்தால் போகாது. ஏனென்றால் பில்லில் எழுத்து மட்டும் இல்லை, பிரிண்டருக்கான கட்டளைகளும் கலந்து இருக்கின்றன. எண் 15 போனால் எழுத்து ஒடுங்கும், 18 போனால் பழையபடி விரியும், 12 போனால் அடுத்த தாளுக்குத் தள்ளும். நோட்பேடுக்கு இது எதுவும் தெரியாது. பிறகு ஒரு சின்ன பேட்ச் கோப்பு, அதாவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு, எழுதினேன். இரண்டு நொடிக்கு ஒரு தடவை அந்த போல்டரைப் பார்க்கும், புதுக் கோப்பு இருந்தால் பிரிண்டருக்கு அனுப்பும், அனுப்பியதை வேறு போல்டருக்கு நகர்த்திவிடும். நகர்த்தி வைத்ததில் எதிர்பாராத லாபம், பில் தொலைந்துவிட்டது என்று பார்ட்டி வந்தால் அதே கோப்பை மறுபடி அனுப்பிவிடலாம்.

முதல் பில் அழகாக வந்தது. கட்டம், கோடு, ஒடுங்கிய எழுத்து எல்லாம் பழையபடி. இரண்டாவது பில் ஒரு அங்குலம் மேலே ஏறி, முந்தின தாளின் அடியிலேயே தலைப்பு விழுந்தது. மூன்றாவது இரண்டு அங்குலம். பிரிண்டர் அதேதான், காகிதம் அதேதான், பைட்டுகளும் மாறவில்லை என்று சத்தியம் செய்வேன். அப்படி இருந்தும் ஒவ்வொரு பில்லுக்கும் கச்சிதமாக ஒரு அங்குலம். கேபிளை மாற்றினேன், காகிதத்தை ஓட்டையில் பிடித்து இழுக்கும் டிராக்டரை இறுக்கினேன், டிரைவரில் தாள் அளவை மாற்றினேன். டிரைவர் அமைப்பு நம் வழியில் குறுக்கே வராது என்று தெரிந்தும் மாற்றினேன், அந்த நிலைமைக்கு வந்துவிட்டேன். ரிப்பன் மை இரண்டு கையிலும் ஏறி, அத்தை கொடுத்த காபி டம்ளரிலும் ஏறியது.

ஒரு அங்குலம் என்பதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்குலத்துக்கு 6 வரி. 12 அங்குலத் தாளுக்கு 72 வரி, 11 அங்குலத் தாளுக்கு 66 வரி. வித்தியாசம் 6 வரி, ஒரு அங்குலம். அப்படியானால் பிரிண்டர் தாளை 11 அங்குலம் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த தாளுக்குப் போ என்றால் 66 வரியோடு நிறுத்துகிறது. இத்தனை வருஷம் அதற்கு 72 என்று யார் சொன்னார்கள்? புரோகிராம்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆரம்பிக்கும்போது ஒரே ஒரு தடவை, 27, 67, 72 என்று மூன்று எண்கள், தாளின் நீளம் 72 வரி என்று அர்த்தம். அந்த மூன்று எண்கள் இப்போது எங்கே போயின என்று தேடினால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் பேட்ச் கோப்பில்தான். சில நேரம் காலிக் கோப்புகள் உருவாவதைப் பார்த்துவிட்டு, 10 பைட்டுக்குக் கீழே இருந்தால் குப்பை, அழித்துவிடு என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். புரோகிராம் ஆரம்பிக்கும்போது வருவது மூன்றே பைட்டுள்ள கோப்பு. ஒவ்வொரு காலையும் அதை நானே அழித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்த வரியை எடுத்து, சுழி பைட் இருந்தால் மட்டும் அழி என்று மாற்றினேன். அதற்குப் பிறகு நாற்பது பில் வரிசையாக அடித்துப் பார்த்தோம், ஒரு வரி கூட நகரவில்லை. நடுவில் கரண்ட் போய் பிரிண்டர் அணைந்தால் மட்டும் அந்த நீளம் மறந்துவிடும், அதற்கு அந்த மூன்று பைட்டை மட்டும் அனுப்புகிற ஐகான் ஒன்றை டெஸ்க்டாப்பில் வைத்து, காகிதம் என்று பெயர் போட்டுவிட்டேன்.

கணக்கு சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு பாவைக் கையால் போட்டோம். 4000 இழை, 1000 மீட்டர், 40 கவுண்ட். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் கவுண்ட், கிலோவுக்கும் மீட்டருக்கும் மாற்றினால் ஒரு கவுண்ட் நூல் கிலோவுக்கு 1693 மீட்டர் வரும். 4000-ஐ 1000-ஆல் பெருக்கி, 40 பெருக்கல் 1693-ஆல் வகுத்தால் 59.067 கிலோ. கஞ்சி எடை தனி. புரோகிராம் காட்டியதும் 59.067. மாமா கால்குலேட்டரே எடுக்காமல், "அறுவதுக்கு ஒரு கிலோ கம்மி" என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்.

அந்த பில்லைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதுதான் கிழமை கண்ணில் பட்டது. அன்று திங்கள். பில்லில் செவ்வாய். கம்ப்யூட்டர் தேதி சரி, டாஸ்பாக்ஸுக்குள் தேதி சரி. நான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்று வியர்த்துவிட்டது. அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது எப்பவுமே ஒரு நாள் முன்னாடி காட்டுமுங் தம்பி, கெழமையெல்லாம் நாங்க பாக்கறதில்லீங்க."

எப்பவுமேவா? டிபிஎஃப் கோப்பின் பிரதி ஒன்றை லிப்ரே ஆபீஸில் திறந்தேன். பிரதியைத்தான் திறக்க வேண்டும், அசலைத் திறந்து தெரியாமல் சேமித்துவிட்டால் கட்டமைப்பு மாறிப்போக வாய்ப்பு உண்டு. தேதிப் பத்தியில் 1925 ஆகஸ்ட். மேலே போகப் போக 1924, 1923, 1922. டிபிஎஃப் கோப்பில் வருஷம் நான்கு இலக்கமாகத்தான் பதிவாகிறது, ஆனால் திரையில் இரண்டு இலக்கம் மட்டும் கேட்கிற புரோகிராமில் 25 என்று அடித்தால் இந்தப் பாக்ஸ்புரோ 1925 என்று எடுத்துக்கொள்ளும். காட்டும்போதும் 25 என்றே காட்டுவதால் யாருக்கும் தெரியவில்லை. இடையில் இருக்கும் 100 வருஷத்தில் 36525 நாள், அது 5217 வாரமும் 6 நாளும், அதனால் 1925-இன் அதே தேதி ஒரு நாள் தள்ளி, திங்களுக்குப் பதில் செவ்வாயில் நிற்கிறது. ஆக இருபத்தைந்து வருஷமாக மாமாவின் மில் வெள்ளைக்காரன் ஆட்சியில் பாவு ஓட்டிக்கொண்டு இருக்கிறது.

இதைச் சொன்னதும் மாமாவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. 2000-ஆம் வருஷம் பிப்ரவரி 29 அன்று எந்தப் பில்லும் ஏறவே இல்லையாம், தேதி தப்பு என்று தள்ளிக்கொண்டே இருந்ததாம், கடைசியில் எல்லாவற்றையும் மார்ச் 1 என்று போட்டார்களாம். அதுவும் இதே கதைதான். 2000 லீப் வருஷம், 1900 லீப் வருஷம் இல்லை, புரோகிராமின் கணக்கில் அந்த நாளே கிடையாது.

தேதியை எல்லாம் ஒரு சின்ன நிரல் எழுதி நூறு வருஷம் தள்ளி வைத்துவிடலாம், அரை மணி நேர வேலை. ஆனால் புதிதாக அடிப்பது மறுபடி 1925, 1926 என்றுதான் ஏறும், பழையது 2024-இல் நிற்கும், வரிசை மொத்தமாகக் குழம்பும். மூல நிரல் இல்லாமல் உள்ளே கை வைக்க முடியாது. இப்போது குழப்பம் 1997 முதல் 1999 வரை உள்ள மூன்று வருஷக் கணக்கில் மட்டும்தான், அது லெட்ஜரில் கடைசியில் போய் நிற்கிறது. அதை யாரும் பார்ப்பதும் இல்லை. "உட்டுரு மாப்ளே" என்றார் மாமா. விட்டுவிட்டேன்.

தினமும் சாயங்காலம் புரோகிராமை மூடியதும் போல்டர் மொத்தமும் அன்றைய தேதி போட்டு பென்டிரைவுக்கு நகலாகிறது, அந்தத் தேதியில் வருஷம் நான்கு இலக்கம். பழைய 40 ஜிபி டிஸ்கைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறார் மாமா, மேலே ஒரு சீட்டில், ஜம்பர் மாஸ்டரில் இருக்க வேண்டும் என்று என் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். போன வாரம் எதிர்த்த மில்லுக்காரர் வந்து அரை மணி நேரம் பேசாமல் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, தன்னுடையது 1995-இல் எழுதியது என்று சொல்லிவிட்டுப் போனாராம்.